கூடினால் கோடி நன்மை – யாருக்கு?



மளிகைக்கடை நடத்தும் நமக்கும் ஆகாயத்தில் பறக்கும் விமானக் கம்பெனிகளுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் உண்டு. திட்டக்குடி, பெண்ணாடம், தொழுதூர், இராமநத்தம் வட்டாரத்தில் சிங்கப்பூரிலோ, மலேசியாவிலோ, வளைகுடா நாடுகளிலோ ஒரு பிள்ளையாவது வேலை பார்க்காத தெரு அரிது. அந்தப் பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் ஒரு பங்கு நம் கல்லாவுக்குத்தான் வந்து சேருகிறது. விமானக் கட்டணம் ஏறினால் பொங்கலுக்கு ஊர் வர நினைத்தவன் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறான். அவன் வராத பொங்கலில் அந்த வீட்டுக்கு வெல்லமும் நெய்யும் அளவாகத்தான் போகும். தங்கை கல்யாணம் தள்ளிப்போனால் ஜவுளிக்கடைக்காரருக்கும் பாத்திரக்கடைக்காரருக்கும் நஷ்டம். ஆகவே விமானக் கட்டணம் எப்படி நிர்ணயமாகிறது என்று தெரிந்துகொள்வது நமக்கு வீண் வேலை அன்று.

இன்னொரு காரணமும் உண்டு. நாம் சங்கம் வைத்திருப்பவர்கள். அவர்களும் சங்கம் வைத்திருக்கிறார்கள். அவர்கள் சங்கத்தில் எது நல்லது, எது கெட்டது என்று பார்த்தால் நம் சங்கத்துக்கும் ஒரு பாடம் கிடைக்கும்.

மூன்று போர்டு, ஒரே கல்லா

நம் மளிகைக்கடை நண்பர் ஒருவர், மகளின் பிரசவத்துக்காக மனைவியுடன் கனடா போக வேண்டியிருந்தது. ஏஜெண்டிடம் போனார். சென்னையிலிருந்து கிளம்பும் முதல் விமானத்துக்கு மூன்று கம்பெனிகளின் பெயரில் மூன்று விலை சொன்னார்கள். கொள்முதலுக்குப் போனால் நாலு மண்டி ஏறி இறங்கி விலை கேட்கிற மனிதர் அவர். இங்கும் பேரம் பேசி, மூன்றில் குறைந்ததை வாங்கிவிட்ட திருப்தியோடு விமான நிலையம் போனார். அங்கே பார்த்தால் மூன்று கம்பெனி டிக்கெட்காரர்களும் ஒரே வரிசையில் நின்று ஒரே விமானத்தில் ஏறுகிறார்கள். விமானத்தின் மேல் எழுதியிருந்த பெயர், இவர் டிக்கெட்டில் இருந்த பெயர் அல்ல.

ஊர் திரும்பியதும் நம்மிடம் சொன்னார்: "அண்ணே, மூணு கடை ஏறி விலை கேட்டதா நெனச்சேன். போர்டுதான் மூணு, கல்லாப்பெட்டி ஒண்ணு."

இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. இதற்கு 'கோட்ஷேர்' என்று பெயர். ஒரு கம்பெனி ஓட்டும் விமானத்தில் மற்றக் கம்பெனிகளும் தங்கள் எண்ணைப் போட்டு டிக்கெட் விற்கின்றன. நம் ஊர் லாரி புக்கிங் ஆபீசில் டில்லிக்கு மூட்டை போட்டால் அந்த லாரியே டில்லி போவதில்லை. சென்னையில் வேறொரு சர்வீசுக்கு மாற்றிவிடுவார்கள். ரசீது மட்டும் நம் ஊர் ஆபீஸ் பெயரில் இருக்கும். ஏறக்குறைய அதேதான்.

கூட்டணி பிறந்த கதை

ஒரு நாட்டு விமானம் இன்னொரு நாட்டுக்குள் தன் இஷ்டத்துக்கு இறங்க முடியாது. இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து, எந்த ஊருக்கு, வாரத்துக்கு எத்தனை இருக்கை என்று ஒப்பந்தம் போட வேண்டும். அந்நிய நாட்டு விமானக் கம்பெனியை முழுவதாக விலைக்கு வாங்குவதற்கும் பெரும்பாலான நாடுகளில் தடை உண்டு. வாங்க முடியாவிட்டால் என்ன செய்வது? கைகோத்துக் கொள்ளலாம். இப்படிப் பிறந்ததுதான் கூட்டணி.

நெதர்லாந்தின் கே.எல்.எம். கம்பெனியும் அமெரிக்காவின் நார்த்வெஸ்ட் கம்பெனியும் சேர்ந்து விலை வைக்க 1993-இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. 1997 மே மாதம் லுஃப்தான்சா, யுனைடெட், ஏர் கனடா, ஸ்காண்டினேவியக் கம்பெனி, தாய் ஏர்வேஸ் ஆகிய ஐந்தும் சேர்ந்து 'ஸ்டார் அலையன்ஸ்' தொடங்கின. 1999-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ், அமெரிக்கன், கேத்தே பசிபிக் முதலானவை 'ஒன்வேர்ல்ட்' என்று கூடின. 2000-இல் ஏர் பிரான்சும் டெல்டாவும் இன்னும் இருவரும் 'ஸ்கைடீம்' கண்டார்கள். நம் ஏர் இந்தியாவுக்கு 2007-இல் ஸ்டார் அழைப்பு வந்தது. 2011-இல் நிறுத்தி வைக்கப்பட்டது. கடைசியில் 2014 ஜூலை 11 அன்றுதான் உள்ளே போக முடிந்தது. அதே ஆண்டு மே மாதம் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் ஒன்வேர்ல்டில் சேர்ந்தது. துபாயின் எமிரேட்ஸ் மட்டும் இந்த மூன்று கூட்டணியிலும் சேராமல் தனிக்கடையாகவே பெரிய வியாபாரம் செய்கிறது.

இரண்டு கை லாபம்

கூட்டணியால் பயணிக்கு நன்மையே இல்லையா? உண்டு. நியாயமாகச் சொல்ல வேண்டும்.

திருச்சியிலிருந்து கொழும்பு வழியாக லண்டன் போகிறார் ஒருவர். கொழும்பு வரை ஒரு கம்பெனி, அங்கிருந்து வேறு கம்பெனி என்று தனித்தனியே டிக்கெட் வாங்கினால், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் போனது போனதுதான். பெட்டியையும் அவரே எடுத்து மறுபடி போட வேண்டும். ஒரே டிக்கெட்டாக இருந்தால் பெட்டி கடைசி ஊரில் வந்து சேரும். இடையில் விமானம் தவறினால் அடுத்ததில் ஏற்றிவிடுவது கம்பெனியின் பொறுப்பு.

விலையிலும் நன்மை உண்டு. ஒரு பொருள் மொத்த வியாபாரியிடமிருந்து சில்லறைக் கடைக்கு வந்து வாடிக்கையாளருக்குப் போகிறது. மொத்தக்காரர் தன் லாபத்தை வைக்கிறார். அந்த விலையின் மேல் சில்லறைக்காரர் தன் லாபத்தை வைக்கிறார். இருவரும் ஒருவரை ஒருவர் கேட்காமல் கூட்டினால் பொருள் விலை ஏறி விற்பனை குறைந்து இருவருக்குமே நஷ்டம். கலந்து பேசி, "நீயும் கொஞ்சம் குறை, நானும் குறைக்கிறேன், சரக்கு ஓடட்டும்" என்றால் வாடிக்கையாளருக்கும் லாபம். விமானத்திலும் இப்படியே. முதல் தூரத்தை ஒருவரும் அடுத்த தூரத்தை இன்னொருவரும் ஓட்டும்போது அவர்கள் கூடினால் மொத்தக் கட்டணம் குறையும். இதைப் பொருளாதார அறிஞர்களும் ஆராய்ந்து ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் ஒரே தடத்தில் எதிரெதிரே ஓட்டுகிற இரண்டு கம்பெனிகள் கூடினால்? அது மொத்தக்காரரும் சில்லறைக்காரரும் கூடுவது போன்றது அன்று. கடைவீதியில் எதிரெதிர்க் கடைக்காரர்கள் இருவர் இரவில் கதவைச் சாத்திக்கொண்டு விலை பேசுவதைப் போன்றது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். வியாபாரத்தில் கடை இரண்டுபட்டால்தான் வாடிக்கையாளருக்குக் கொண்டாட்டம், ஒன்றுபட்டால் திண்டாட்டம்.

தொடர்ச்சியாக ஓடுகிறவர்கள் கூடினால் பயணிக்கு நன்மை. எதிரெதிராக ஓடுகிறவர்கள் கூடினால் பயணிக்குக் கேடு. இந்த ஒரு அளவுகோல் கையில் இருந்தால் எந்தக் கூட்டணியையும் எடைபோட்டுவிடலாம்.

கதவைச் சாத்திக்கொண்டு பேசியவர்கள்

இது கற்பனை அன்று. பிரிட்டிஷ் ஏர்வேசும் வர்ஜின் அட்லாண்டிக்கும் ஒரே கூட்டணியில்கூட இருந்தவை அல்ல. லண்டனிலிருந்து கிளம்பும் நெடுந்தூரத் தடங்களில் பரம வைரிகள் என்று உலகம் நினைத்தது. 2004 முதல் 2006 வரை எரிபொருள் கூடுதல் கட்டணத்தை எவ்வளவு வைப்பது என்று இருவரும் ரகசியமாகக் கலந்து பேசினார்கள். போக வர டிக்கெட்டுக்கு 5 பவுனாக இருந்த அந்தக் கட்டணம் 60 பவுன் ஆனது. வர்ஜின் தானே முன்வந்து ஒப்புக்கொண்டதால் தண்டனையிலிருந்து தப்பியது. பிரிட்டிஷ் ஏர்வேசுக்கு 2007-இல் பிரிட்டனில் 12 கோடியே 15 லட்சம் பவுன் அபராதம் அறிவிக்கப்பட்டு, பின்னர் 2012-இல் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. சரக்குக் கட்டணத்தையும் சேர்த்து அமெரிக்காவில் 30 கோடி டாலர் அபராதம்.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. உள்நாட்டுச் சரக்குக்கான எரிபொருள் கூடுதல் கட்டணத்தை ஜெட் ஏர்வேஸ், இண்டிகோ, ஸ்பைஸ்ஜெட் மூன்றும் ஒன்றுபோல ஏற்றின என்று கூரியர் தொழில் சங்கத்தார் புகார் கொடுத்தார்கள். இந்தியப் போட்டி ஆணையம் 2015-இல் மூன்றுக்கும் சேர்த்து 258 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுக்குப் பின் மறுபடி விசாரித்து 2018-இல் தொகையைச் சுமார் 54 கோடியாகக் குறைத்தாலும், தவறு தவறுதான் என்று ஆணையம் சொன்னது. கச்சா எண்ணெய் விலை ஏறும்போது கட்டணத்தை ஏற்றியவர்கள், எண்ணெய் இறங்கும்போது இறக்க மறந்துவிட்டார்கள் என்பதே அதில் முக்கியமான சங்கதி.

திருச்சித் தடத்துக்கு வந்த சோதனை

நமக்கு மிக அருகில் நடந்ததற்கு வருவோம். திட்டக்குடியிலிருந்து திருச்சி விமான நிலையம் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். சென்னைக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். தொழுதூரில் நெடுஞ்சாலை ஏறினால் இரண்டு மணி நேரத்தில் திருச்சி. நம் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு அதுதான் வாசல். அங்கிருந்து சிங்கப்பூர் போய், சிங்கப்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் ஜப்பானுக்கும் போகிறவர்களும் உண்டு.

திருச்சி–சிங்கப்பூர் தடத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்சின் பிள்ளையான ஸ்கூட்டும், ஏர் இந்தியாவின் பிள்ளையான ஏர் இந்தியா எக்ஸ்பிரசும் எதிரெதிரே கடை போட்டவை. பக்கத்தில் இண்டிகோவும் கடை விரித்தது. இந்த நிலையில் ஒரு மாற்றம் வந்தது. 2022 ஜனவரியில் டாடா குழுமம் ஏர் இந்தியாவை அரசிடமிருந்து 18,000 கோடி ரூபாய் மதிப்பில் எடுத்துக்கொண்டது. டாடாவும் சிங்கப்பூர் ஏர்லைன்சும் ஏற்கெனவே கூட்டாக விஸ்தாரா நடத்திக்கொண்டிருந்தன. 2022 நவம்பரில் விஸ்தாராவை ஏர் இந்தியாவோடு சேர்ப்பதாக அறிவித்தார்கள். 2024 நவம்பர் 12 அன்று இணைப்பு முடிந்தது. அதன்படி ஏர் இந்தியாவில் 25.1 சதவீதம் பங்கு சிங்கப்பூர் ஏர்லைன்சுக்கு வந்தது.

அதாவது எதிர்க்கடைக்காரர் நம் கடையில் கால் பங்குக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார். இரண்டும் ஏற்கெனவே ஸ்டார் கூட்டணியிலும் உறுப்பினர்கள். இனி இந்தக் கடை விலையைக் குறைத்து அந்தக் கடை வாடிக்கையாளரை இழுக்குமா?

இந்தக் கேள்வியைக் கேட்டது நாமல்ல, சிங்கப்பூரின் போட்டி ஆணையம். இரு தரப்பும் நேரடி விமானம் ஓட்டும் தடங்கள் நான்கு என்று அது கண்டது. டில்லி, மும்பை, சென்னை, நான்காவதாக நம் திருச்சி. ஆகவே 2024 மார்ச்சில் இணைப்புக்கு ஒப்புதல் தரும்போது ஒரு நிபந்தனை வைத்தது. கொரோனாவுக்கு முன் 2019-இல் இந்தத் தடங்களில் எத்தனை இருக்கை ஓடியதோ அந்த அளவு குறையக்கூடாது. அதைச் சரிபார்க்க வெளித் தணிக்கையாளர் ஒருவர் இருக்க வேண்டும். இந்தியப் போட்டி ஆணையமும் 2023 செப்டம்பரில் நிபந்தனையோடுதான் அனுமதி கொடுத்தது.

விலைக்கு உச்சவரம்பு கட்டாமல் இருக்கையைக் குறைக்காதே என்று ஏன் சொன்னார்கள்? வியாபாரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சரக்கை மண்டியில் பதுக்கினால் விலை தானே ஏறும். சரக்கு வந்துகொண்டே இருந்தால் எவனும் விலையைப் பிடித்து வைக்க முடியாது. விமானத்தில் இருக்கைதான் சரக்கு.

ஆனால் 2019-க்குப் பிறகு ஊர் வளர்ந்திருக்கிறது. திருச்சியில் புதிய முனையத்தைப் பிரதமர் 2024 ஜனவரி 2 அன்று திறந்துவைத்தார். பழைய அளவு குறையாமல் இருந்தால் போதும் என்பது வளரும் ஊருக்குப் பழைய சட்டையைத் தைத்துக் கொடுப்பது போலத்தான். நிபந்தனையை ஒழுங்காகக் காப்பாற்றுகிறார்களா என்று பார்ப்பது ஆணையத்தின் கடமை. ஏன் கூட்டவில்லை என்று கேட்பது நம் கடமை.

கிழக்கு வாசல் திறந்தது, மேற்கு வாசல்?

திருச்சிக்கு ஒரு அதிர்ஷ்டம் அடித்தது பலருக்குத் தெரியாது. 2003-இல் இந்திய அரசு தென்கிழக்காசிய நாடுகளின் விமானக் கம்பெனிகள் பதினெட்டுச் சுற்றுலா ஊர்களுக்கு எத்தனை விமானம் வேண்டுமானாலும் விடலாம் என்று சலுகை கொடுத்தது. அந்தப் பதினெட்டில் திருச்சியும் ஒன்று. 2008-இல் ஏர் ஏசியா கோலாலம்பூரிலிருந்து வந்தது இந்த வாசல் வழியாகத்தான். கிழக்கே போட்டி இருப்பதால் கட்டணம் ஓரளவு கட்டுக்குள் இருக்கிறது.

மேற்கே கதை வேறு. துபாயுடன் 2014-இல் போட்ட ஒப்பந்தத்தின்படி ஒவ்வொரு தரப்புக்கும் வாரத்துக்கு 65,000-க்குச் சற்று அதிகமான இருக்கைகள். பத்தாண்டுக்கு மேலாகியும் அதை உயர்த்தவில்லை. வளைகுடாவின் பெரிய கம்பெனிகள் சென்னையில் இறங்குகின்றன. எமிரேட்ஸ் திருச்சிக்கு வருவதில்லை. திருச்சியிலிருந்து வளைகுடாவுக்குப் பெரும்பாலும் நம் நாட்டுக் கம்பெனிகள்தாம் ஓட்டுகின்றன. ரம்ஜான், பள்ளி விடுமுறைக் காலங்களில் டிக்கெட் விலை என்ன ஆகிறது என்று பிள்ளையை அங்கே வைத்திருக்கும் தகப்பனாரைக் கேட்டால் தெரியும்.

அரசு தரப்பிலும் ஒரு நியாயம் சொல்கிறார்கள். வளைகுடாக் கம்பெனிகள் நம் பயணிகளைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோய் அங்கிருந்து லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் ஏற்றுகின்றன. வாசலை அகலத் திறந்தால் நம் நாட்டுக் கம்பெனிகள் நெடுந்தூர விமானம் ஓட்டவே முடியாது என்கிறார்கள். 2023-இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்திருப்பது உண்மை. அவர்கள் வளர அவகாசம் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. பல்பொருள் அங்காடியில் அந்நிய முதலீடு வேண்டாம் என்று கடையடைப்பு நடத்திய நாம் இந்த வாதத்தைக் கேலி செய்வதும் அழகன்று. ஆனால் அவகாசம் என்றால் அதற்கு ஒரு தேதி வேண்டும். சென்னையையும் டில்லியையும் காப்பாற்றிக்கொள்ளட்டும். வாரத்துக்குச் சில விமானம் கேட்கும் திருச்சியைத் திறந்துவிட்டால் யார் குடி முழுகிவிடும்?

நமக்குள் ஒரு பேச்சு

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நம்மைப் போன்ற சங்கங்களில் சில வருடங்களுக்கு ஒருமுறை ஒரு பேச்சு எழும்பும். "எல்லாக் கடையிலும் சர்க்கரைக்கும் எண்ணெய்க்கும் ஒரே விலை வைப்போம், குறைத்து விற்பவனுக்கு அபராதம் போடுவோம்" என்பார்கள். வருத்தத்தில் வரும் பேச்சு அது. பெரிய அங்காடிகளும், பத்து நிமிடத்தில் வீட்டு வாசலில் சாமான் போடும் கம்பெனிகளும் ஒரு பக்கம் நெருக்கும்போது, பக்கத்துக் கடைக்காரரும் விலையை உடைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

ஆனாலும் நாம் சொல்கிறோம், அது தவறு. முதலாவது, சட்டம் ஒப்பாது. 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் கம்பெனிகளுக்கு மட்டுமல்ல, வியாபாரச் சங்கங்களுக்கும் சேர்த்துத்தான். மருந்து வணிகர் சங்கங்கள் மீது 2012, 2013-இல் ஆணையம் நடவடிக்கை எடுத்ததை நாம் மறக்கலாகாது. இரண்டாவது, லண்டனில் இரண்டு கம்பெனிகள் செய்ததற்கும் இதற்கும் தொகையில்தான் வித்தியாசம், குணத்தில் இல்லை. விமானக் கட்டணத்தைப் பார்த்து வயிறெரிகிற நாம், நம்மிடம் கால் கிலோ பருப்பு வாங்குகிறவர் வயிறெரியும்படி நடக்கலாமா?

அப்படியானால் சங்கம் எதற்கு? அந்த அளவுகோலை எடுத்து வைத்துப் பாருங்கள். விற்பனையில் எதிரெதிராக நிற்கும் நாம் கொள்முதலில் கூடலாம். விருதுநகரிலிருந்து பருப்பும் மிளகாயும், ஈரோட்டிலிருந்து மஞ்சளும், சேலத்திலிருந்து ஜவ்வரிசியும் தனித்தனியே நாலு மூட்டை, ஆறு மூட்டை என்று தருவிக்கிறோம். பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு லாரி லோடு போட்டால் லாரி வாடகையும் கூலியும் குறையும். மண்டியில் விலை பேசவும் தெம்பு வரும். அதை அவரவர் கடையில் அவரவர் இஷ்ட விலைக்கு விற்றுக்கொள்ளட்டும். செலவைக் குறைக்கக் கூடுகிற கூட்டு முயற்சியைச் சட்டமும் வேறு கண்ணோடுதான் பார்க்கிறது.

விமானக் கம்பெனிகளின் கூட்டு யார் தலையில் விடிந்தது என்பதற்கு இன்னொரு சான்றும் இருக்கிறது. 2008-இல் பல விமானக் கம்பெனிகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில், டிக்கெட் விற்கும் ஏஜெண்டுகளுக்குக் கொடுத்துவந்த 5 சதவீதக் கமிஷனை அடியோடு நிறுத்தின. பெரியவர்கள் ஒரே திசையில் நகர்ந்தால் முதலில் நசுங்குவது நடுவில் நிற்கும் சிறு வியாபாரிதான். அந்த ஏஜெண்டும் நம்மைப் போல ஒரு கடைக்காரர். இன்று அவருக்கு நடந்தது நாளை சோப்புக் கம்பெனி ஏஜென்சி எடுத்திருப்பவருக்கும் நடக்கும்.

நாம் கேட்பது

ஒன்று: டிக்கெட்டில் யார் பெயர் இருந்தாலும், விமானத்தை உண்மையில் ஓட்டுவது யார் என்பதைப் பணம் வாங்கும் முன்பே பெரிய எழுத்தில், தமிழில் சொல்ல வேண்டும். எடைக்கல்லுக்கு முத்திரை கேட்கும் அரசு இதையும் கேட்கலாம்.

இரண்டு: திருச்சி–சிங்கப்பூர் தடத்தில் இருக்கை குறையாது என்று கொடுத்த வாக்கு நிறைவேறுகிறதா என்பதை இரு நாட்டு ஆணையங்களும் ஆண்டுதோறும் ஊரறிய வெளியிட வேண்டும்.

மூன்று: கிழக்கே 2003-இல் திறந்தது போல மேற்கேயும் திருச்சிக்கு வாசல் திறக்க வேண்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் சங்கத்தின் சார்பில் மனு கொடுக்க அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவர வேண்டுகிறோம்.

நான்கு: அதே பொதுக்குழுவில் கூட்டுக் கொள்முதலுக்கு ஒரு சிறு குழு அமைப்போம். முதல் லாரி பருப்பாக இருக்கட்டும்.

கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்று நம் பெரியவர்கள் சொன்னது பொய்யில்லை. அந்தக் கோடியில் வாங்குகிறவனுக்கும் ஒரு பங்கு போய்ச் சேர்ந்தால் அது கூட்டுறவு. போகாவிட்டால் அதன் பெயர் வேறு. நம் கூட்டு எந்த வகை என்பதை நம் வாடிக்கையாளர் சொல்லட்டும்.